மறியலைத் தாண்டிய பல் டாக்டர்

மினிபஸ் ஏன் நின்றது என்று பார்ப்பதற்காக இலாரியோ பினாயா கண்ணைத் திறந்தார்.

லா பாஸை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் வந்தார். தூக்கம் ஒன்றும் இல்லை; பயம். சாலைக்கு இடது பக்கம் மலை, வலது பக்கம் ஒன்றுமே கிடையாது. அந்த ஒன்றுமில்லாததைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை.

அவருக்கு உயரம் ஆகாது. காலையில் வீட்டிலிருந்து பஸ் நிலையத்துக்குக் கேபிள் காரில் போனபோதுகூட, எதிரே உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடப் பெண், "தலையைக் குனிஞ்சுக்குங்க மாமா, சரியாப் போயிடும்" என்று சொல்லும்படி ஆகிவிட்டது. இப்படிப்பட்டவர் மலைநாட்டில் சாலை இஞ்சினீயராக இருபது வருஷம் எப்படிக் காலம் தள்ளினார் என்றால், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல்தான். சமவெளிச் சாலைகளை நேரில் போய்ப் பார்ப்பார். மலைச் சாலைகளை வரைபடத்தில் பார்ப்பார்.

இந்தத் தடவை தப்பிக்க வழியில்லை. மறுநாள் காலை, கீழே சான் எலோயில் அவருடைய மச்சினி ரொசால்பாவுக்குக் கல்யாணம். மோதிரம் எடுத்துக் கொடுக்கிற ஞானத்தகப்பன் அவர்தான். மனைவி தேல்மா சமையல் வேலைக்கு ஒத்தாசையாக முன்னாடியே போய்விட்டாள். மோதிரங்கள் கோட்டின் உள்பையில் இருந்தன. ஒவ்வொரு வளைவிலும் இலாரியோ அந்தப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"மறியல்" என்றார் டிரைவர். என்ஜினை நிறுத்திவிட்டு ஓர் ஆரஞ்சை எடுத்து நிதானமாக உரிக்க ஆரம்பித்தார்.

"எப்ப விடுவாங்க மாஸ்டர்?"

"போன தடவை ரெண்டு வாரம் ஆச்சு."

இலாரியோ இறங்கிப் போனார். சாலைக்குக் குறுக்கே ஒரு மரம், பாறைகள், பாதி எரிந்த டயர். ஓரத்தில் பெரிய பானையில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. நடுவே, தொப்பி போட்ட கனத்த அம்மாள் ஒருத்தி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கோக்கா இலை மென்றுகொண்டிருந்தாள். பெயர் பெர்ப்பேத்துவா. அந்தப் பகுதி விவசாயச் சங்கத்தின் தலைவி.

"அம்மா, நான் கல்யாணத்துக்குப் போகணும்" என்றார் இலாரியோ.

"எல்லாருமே கல்யாணத்துக்குத்தான் போறாங்க. அதோ, சிமெண்ட் லாரிக்காரன்கூடக் கல்யாணத்துக்குத்தான் போறானாம்."

"எதுக்காக மறியல்?"

"சிரிமாயு பாலத்துக்காக."

இலாரியோ ஒரு அடி பின்னால் வைத்தார். சிரிமாயு பாலத்தை அவருக்குத் தெரியும். அதாவது, காகிதத்தில் தெரியும். மூன்று தடவை மனு வந்தது. முதல் தடவை, மழைக்காலம் முடிந்ததும் பார்வையிடப்படும் என்று எழுதினார். இரண்டாம் தடவை, மழைக்காலத்தில்தான் உண்மை நிலை தெரியும் என்று எழுதினார். மூன்றாவது மனு மேஜையில் அவருடைய டீ ஃபிளாஸ்க்குக்கு அடியில் இருந்தது.

"இஞ்சினீயர் ஒருத்தர் நேர்ல வந்து பார்க்கணும்" என்றாள் பெர்ப்பேத்துவா. "அதுவரைக்கும் இந்த வழியா ஒரு கோழிகூடப் போகாது."

"வந்துட்டா?"

"வந்துட்டா அவரை என்ன பண்றதுன்னு இன்னும் முடிவு பண்ணலை" என்றான், பின்னாலிருந்து ஒரு பாறையை உருட்டிக்கொண்டிருந்தவன்.

"ஆமா, நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டாள் பெர்ப்பேத்துவா.

அப்போது அவள் வாயில் ஒரு தங்கப் பல் வெயிலில் மின்னியது. இலாரியோவுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

"பல் டாக்டர்" என்றார்.

பெர்ப்பேத்துவா மெல்லுவதை நிறுத்தினாள். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். கூட்டம் அவளைப் பார்த்தது.

"பல் டாக்டரா?" என்றாள். "நல்லதாப் போச்சு. எனக்குக் கடைவாய்ல ஒரு மாசமா உயிர் போகுது. கொஞ்சம் பாருங்க டாக்டர்."

அவள் வாயைத் திறந்தாள். இலாரியோ தன் வாழ்நாளில் இன்னொருவர் வாய்க்குள் பார்த்ததே இல்லை. பச்சையாக இலைச் சாறு தெரிந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சமவெளியில் ஒரு மதகைப் பார்ப்பதுபோல இப்படியும் அப்படியும் குனிந்து பார்த்தார்.

"அடியில அரிச்சிருக்கு" என்றார். "மேல பூசினா நிக்காது. அஸ்திவாரத்தைத்தான் பார்க்கணும்."

"பல்லுக்கு அஸ்திவாரமா?"

"வேர். நாங்க பேசிக்கிறப்ப அஸ்திவாரம்னு சொல்லுவோம்."

"அப்ப மருந்து?"

"கிராம்பு. உப்புத் தண்ணி. பாரம் ஏத்தக் கூடாது."

பெர்ப்பேத்துவா தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. வலியாக இருக்கும் என்று இலாரியோ நினைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் நிமிர்ந்தாள். "டாக்டரை நிறுத்தி வைக்கிறது பாவம். ஆனா பெரிய ரோட்டுல போகாதீங்க, இன்னும் நாலு மறியல் இருக்கு. என் மருமகன் வில்பெர் பைக் வச்சிருக்கான். குறுக்கு வழியில கொண்டு விடுவான்."

பைக் வருவதற்குள் இலாரியோ ஒரு பாறைக்குப் பின்னால் போய் மனைவிக்குப் போன் செய்தார்.

"எங்கே இருக்கே?" என்றாள் தேல்மா.

"மறியல்ல மாட்டினேன். ஆனா தப்பிச்சாச்சு. பல் டாக்டர்னு சொல்லிட்டேன்."

போனில் தேல்மா இருமினாள்.

"பல் டாக்டரா?"

"வேற என்ன சொல்றது? அந்தப் பாலம் தேல்மா. என் ஃபிளாஸ்க்குக்கு அடியில இருக்கே, அந்தப் பாலத்துக்காகத்தான் மறியல். நான் யாருன்னு தெரிஞ்சா என்னை அந்த மரத்துலயே கட்டிடுவாங்க."

"மோதிரம் பத்திரமா இருக்கா?"

"இருக்கு."

"அப்ப அவங்க காட்டற வழியிலயே வா. நீயா எதையும் யோசிக்காதே. இங்க சமையலுக்குக் கோழி வரலை. பேண்டு வாத்தியக்காரங்க மேல எங்கயோ உட்கார்ந்திருக்காங்க. மாப்பிள்ளையோட அப்பா அம்மாவே வந்து சேரலை. ரொசால்பா காலையிலேர்ந்து அழுதுட்டிருக்கா."

"நான் வந்துடுவேன்னு சொல்லு."

"சொல்லிட்டேன்" என்றாள் தேல்மா.

குறுக்கு வழி என்று வில்பெர் சொன்னது, ஆடுகள் யோசித்து யோசித்து இறங்குகிற ஒரு பாதை. இலாரியோ அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு, முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"டாக்டர், கொஞ்சம் மூச்சு விட முடியுமா?" என்றான் வில்பெர்.

"விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"நான் என்னைச் சொன்னேன். பிடியைத் தளர்த்துங்க."

பாதை முடிந்து ஒரு மண் ரோடு வந்தது. அங்கேயும் கற்கள், அங்கேயும் ஒரு கூட்டம். வெட்டிப் போட்ட மரத்தின் மேல் ஏழெட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் ஒரு கையைக் கன்னத்தில் வைத்திருந்தார்கள்.

"டாக்டர் வந்துட்டார்" என்றது கூட்டம்.

இலாரியோ வில்பெரைப் பார்த்தார். "அத்தை போன் பண்ணியிருப்பாங்க" என்றான் அவன். பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

வேறு வழியில்லை. இலாரியோ கோட்டைக் கழற்றி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் ஆளிடமிருந்து ஆரம்பித்தார். ஒருத்தனுக்குக் கிராம்பு. ஒருத்திக்கு உப்புத் தண்ணீர். இன்னொருத்தனுக்கு இரண்டும். ஒரு பெண் பிள்ளை, "எனக்கு எந்தப் பல்லு வலிக்குது, டாக்டர்?" என்று கேட்டாள். "அதை நீதானம்மா சொல்லணும்" என்றார் இலாரியோ. அவள் யோசித்துவிட்டு, "மேல. இல்லை, கீழ" என்றாள்.

கடைசியில் ஒரு கிழவர். அவர் கையோடு குறடு கொண்டுவந்திருந்தார், லாரிச் சக்கரத்துக்குப் பயன்படுகிற குறடு.

"பிடுங்கிடுங்க டாக்டர்" என்றார் கிழவர்.

"இங்கயா? சுத்தபத்தமா செய்யணும் பெரியவரே. ஊசி போடணும்."

"என் பல்லு, நான் சொல்றேன். பிடுங்குங்க."

கூட்டம் நெருங்கி வந்தது. மறுத்தால் சந்தேகம் வந்துவிடும். இலாரியோ கண்ணை மூடிக்கொண்டு, குறடு எங்கே படுகிறது என்றுகூடத் தெரியாமல் லேசாகத் தொட்டார். 'டொக்' என்று ஏதோ கேட்டது. கண்ணைத் திறந்தால், கிழவரின் பல் அவர் ஷூவுக்குப் பக்கத்தில் கிடந்தது.

எல்லாரும் அதிர்ந்துபோய் அந்தப் பல்லைக் குனிந்து பார்த்தார்கள். இலாரியோதான் அதிகமாக அதிர்ந்து போயிருந்தார். பிறகு கூட்டம் கைதட்டியது. கிழவர் நாக்கால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "வலிக்கவே இல்லையே" என்று எல்லாரிடமும் போய்ப் போய்ச் சொன்னார். பிறகு கால் கட்டிய ஒரு கோழியைக் கொண்டுவந்து இலாரியோவின் கையில் கொடுத்தார். இலாரியோ வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். கிழவர் அழுதுவிடுவார்போல இருந்ததால் வாங்கிக்கொண்டார்.

அடுத்தது கசிமிரோ என்ற லாரிக்காரனின் ஆரஞ்சு லாரி. முன்னால் கசிமிரோவின் மனைவியும் குழந்தைகளும் மாமனாரும் இருந்ததால் டாக்டருக்கு ஆரஞ்சுகளின் மேல் இடம் கொடுத்தார்கள். ஆரஞ்சுகள் மேல் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். லாரி வலது பக்கம் சாய்ந்தால் இடது பக்கத்து ஆரஞ்சுகள் எல்லாம் உருண்டு வந்து ஆளை வலது பக்கம் தள்ளும். வலது பக்கம்தான் அந்த ஒன்றுமில்லாதது இருந்தது. இலாரியோ ஒரு கையால் கயிற்றையும், ஒரு கையால் கோழியையும், தாடையால் கோட்டையும் பிடித்துக்கொண்டார்.

வெயில் ஏறியது. காற்றில் ஈரமும் வாழை வாசனையும் வந்தன. ஸ்வெட்டரைக் கழற்றினார். டையைக் கழற்றினார். எதிரே ஒரு ஜீப் வந்ததால் லாரி அரை மைல் தூரம் பின்பக்கமாகவே போனது. அப்போது ஸ்வெட்டர் பறந்து போய்விட்டது. அது கீழே விழுந்துகொண்டே இருந்ததை அவர் பார்க்கவில்லை. கோழி பார்த்தது.

"மாஸ்டர்" என்று கூரையைத் தட்டினார் இலாரியோ. "சான் எலோய் கீழேதானே இருக்கு? நாம ஏறிக்கிட்டே இருக்கோமே?"

"இறங்கறதுக்காகத்தான் ஏறறோம் டாக்டர்" என்று உள்ளேயிருந்து கசிமிரோ கத்தினான்.

இதில் தப்பு இருப்பதாகத் தோன்றியது. ஆனால் தேல்மா சொன்னதை நினைத்துக்கொண்டு, யோசிப்பதை நிறுத்தினார்.

மலை சரிந்திருந்த இடத்தில் லாரி நின்றது. அங்கே சொல்லி வைத்தாற்போல ஒரு கோவேறு கழுதை நின்றிருந்தது. அதைப் பிடித்திருந்த ஆள் பேசவே இல்லை. அந்த மிருகத்துக்குச் சாலையின் நடுவே நடப்பது மரியாதைக் குறைவு போலிருந்தது, விளிம்பிலேயே நடந்தது. இலாரியோவின் ஒரு கால் மலைநாட்டுக்கு மேலேயும் இன்னொரு கால் ஆகாயத்துக்கு மேலேயும் தொங்கியபடி வந்தது. தன்னை மரத்தில் கட்டிப் போடுகிறவர்களிடம் எவ்வளவு சுகமாக இருந்திருக்கலாம் என்று முதல் தடவையாக அவருக்குத் தோன்றியது.

பாதை ஒரு பள்ளத்தாக்கின் ஓரத்தில் முடிந்தது. ஆற்றுக்கு மேலே, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரு இரும்பு வடம். அதில் ஒரு சக்கரம். சக்கரத்தில் இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு ஒரு மரத்தொட்டில். அதன் பக்கத்தில் ஒரு பெண் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். எர்மினியா என்று பேர் சொன்னாள்.

"ஏறுங்க டாக்டர். அந்தப் பக்கம் போயிட்டா சான் எலோய் ஒரு மணி நேரம்."

"இதுலயா?"

"இதுலதான்."

"பாலம் ஏதும் இல்லையா?"

"இருக்கே. அதோ."

இலாரியோ பார்த்தார். கொஞ்சம் தள்ளி, ஆற்றுக்கு நடுவே முட்டிக்கால் மடங்கிய மனுஷன்போல ஒரு பாலம் சாய்ந்து நின்றது. அது எந்தப் பாலம் என்று கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"ரெண்டு வருஷமா எல்லாமே இந்தத் தொட்டில்லதான்" என்றாள் எர்மினியா. "ஆரஞ்சு மூட்டை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க, சவப்பெட்டி, பிரசவத்துக்குப் போற பொண்ணுங்க."

"பிரசவத்துக்கா?"

"போன மாசம் ஒருத்தி நடுவுலயே பெத்துட்டா. நல்லபடியாத்தான். குழந்தைக்கு ஆகாயம்னு பேர் வச்சிருக்காங்க."

சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. குறையாகவும் சொல்லவில்லை. அதுதான் இலாரியோவுக்கு என்னவோ செய்தது. திரும்பிப் பார்த்தார். கழுதையும் ஆளும் போயிருந்தார்கள். அவர் கோட்டை மாட்டிக்கொண்டார், மோதிரப் பையைத் தொட்டுப் பார்த்தார், கோழியை மடியில் வைத்துக்கொண்டு தொட்டிலில் உட்கார்ந்தார். எர்மினியா பக்கத்தில் ஏறிக்கொண்டு காலால் கரையை ஒரு உதை விட்டாள்.

சக்கரம் கிறீச்சிட்டது. காற்று அடித்தது. இலாரியோ கண்ணை இறுக்க மூடிக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டார். பாதி மாதாவைக் கூப்பிடும்போது தொட்டில் நின்றது.

"என்னாச்சு?"

"கயிறு சிக்கியிருக்கு. கொஞ்ச நேரம் ஆகும் டாக்டர். கண்ணைத் திறந்து வச்சுக்குங்க, இல்லாட்டி தலை சுத்தும்."

அவர் கண்ணைத் திறந்தார். கீழே ஆறு. ஆனால் ஆற்றுக்கு முன்னால் அவர் கண்ணில் பட்டது பாலம்தான். அங்கிருந்து பார்க்கும்போது அது முழுசாகத் தெரிந்தது, எந்த வரைபடத்திலும் தெரியாத விதத்தில். இரண்டாவது தூணின் அடியில் தண்ணீர் ஒரு இடத்தில் மட்டும் சுழன்றுகொண்டிருந்தது.

இலாரியோ கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்.

"மேல்தளம் உடையவே இல்லையே" என்றார், தனக்குத்தானே.

எர்மினியா அவர் பார்த்த பக்கமே பார்த்தாள்.

"ரெண்டாவது தூண் மட்டும்தான் உட்கார்ந்திருக்கு. தண்ணி அங்க திரும்புது பாருங்க, அந்தப் பெரிய பாறை இருக்கறதால. பாறையை நகர்த்திட்டு, தூணைச் சுத்திக் கல்லு அடுக்கி, கான்கிரீட் போட்டா..." அவர் இன்னும் முன்னால் சாய்ந்தார். கோழியை எர்மினியாவிடம் கொடுத்தார். "புதுப் பாலமே கட்ட வேண்டியதில்லை. புதுப் பாலம்னு கேட்டு எழுதினது யாரு? அதனாலதானே யாரும் தொடவே மாட்டேங்கறாங்க. மழைக்கு முன்னாடி முடிச்சுடலாம் இதை. அந்தத் தூணோட அகலம் மட்டும் தெரிஞ்சா போதும்."

தொட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பாதி உடம்பை வெளியே நீட்டி அவர் பார்த்துக்கொண்டிருந்தார். காற்று கோட்டைத் தூக்கியது. தான் எங்கே தொங்கிக்கொண்டிருக்கிறோம் என்பதை இலாரியோ பினாயா சுத்தமாக மறந்து போயிருந்தார்.

"இது வேணுமா?" என்றாள் எர்மினியா.

அவள் மடியிலிருந்து எடுத்து நீட்டியது ஒரு அளவு நாடா.

இலாரியோ நாடாவைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அந்தக் கரையில் ஒரு கூட்டம் நிற்பது அப்போதுதான் தெரிந்தது. முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் பெர்ப்பேத்துவா உட்கார்ந்திருந்தாள்.

"அந்த அம்மா எப்படி எனக்கு முன்னாடி வந்தாங்க?" என்றார் மெதுவாக.

"நேர் வழியில. ரொம்பக் கிட்டதான்."

தூரத்தில், மலைக்கு அந்தப் பக்கமிருந்து லாரிகளின் ஹாரன் சத்தம் வரிசையாகக் கேட்டது. நடுவே ஒரு பேண்டு வாத்தியம்.

"மறியலை எடுத்தாச்சு" என்றாள் எர்மினியா. "இஞ்சினீயர் வந்தா எடுக்கறதாத்தான் பேச்சு. தூணை அளந்துடுங்க, ஜீப் நிக்குது. விருந்து சமைக்கறதுக்குள்ள சான் எலோய் போயிடலாம்."

"நான் இஞ்சினீயர்னு எப்பலேர்ந்து தெரியும்?"

"காலையில நீங்க மினிபஸ்ல ஏறினதுலேர்ந்து."

"அப்ப அந்த அம்மாவோட கடைவாய்ப் பல்?"

"அவங்களுக்குப் பல்லுல ஒரு குறையும் இல்லை. தங்கம்கூட அழகுக்குக் கட்டினதுதான். வரிசையில உட்கார்ந்தவங்களையும் சும்மா உட்காரச் சொன்னதுதான். பெரியவரோட பல் மட்டும் நிஜம். அது எங்களுக்கே ஆச்சரியம்."

இலாரியோ நாடாவை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். பைக், லாரி, ஆரஞ்சு, கழுதை, பறந்துபோன ஸ்வெட்டர் எல்லாம் ஒவ்வொன்றாக மனசுக்குள் வந்து போயின.

"நேர் வழி இருக்கறப்ப என்னை எதுக்கு இந்தப் பாடு படுத்தினீங்க? யாரு சொல்லிக் குடுத்தது இதை?"

எர்மினியா, சிக்கவே சிக்காத கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே சொன்னாள்: "உங்க வீட்டம்மாதான் காலையில போன் பண்ணாங்க. 'நேராக் கூப்பிட்டா அந்த மனுஷன் வரமாட்டான், தப்பிச்சுப் போறதா நினைச்சான்னா எவ்வளவு தூரம் வேணும்னாலும் வருவான்'னு சொன்னாங்க."